பழைய ஆன்லைன் கடைக்குப் புது கார்ட் மென்பொருள்: எதை வைத்து முடிவு செய்வது?

கேட்டவரின் நிலைமை இது. கும்பகோணத்தில் பித்தளை, வெண்கலச் சாமான் கடை. பல வருடமாக ஓபன்கார்ட் என்ற இலவசக் கடை மென்பொருளின் 2-ஆம் பதிப்பில் ஆன்லைன் கடையும் ஓடுகிறது. சுமார் 600 பொருள்கள், மாதம் ஆறு லட்சம் ரூபாய் அளவுக்கு விற்பனை, அதில் மூன்றில் ஒரு பங்கு கேஷ் ஆன் டெலிவரி. இப்போது ஹோஸ்டிங் நிறுவனம், அந்த மென்பொருள் ஓடத் தேவையான பிஎச்பி நிரல்மொழியின் பழைய பதிப்பை எடுத்துவிடப் போவதாக மெயில் அனுப்பியிருக்கிறது. "ஷாப்பிஃபைக்குப் போகலாமா, வூகாமர்ஸா, வேறு ஏதாவதா? எது பெஸ்ட்?" என்பது கேள்வி. ஷாப்பிஃபை என்பது மாதச் சந்தா கட்டி அவர்கள் சர்வரிலேயே கடை நடத்தும் சேவை. வூகாமர்ஸ் என்பது நம் சொந்த ஹோஸ்டிங்கில் நாமே நிறுவிக்கொள்ளும் இலவச மென்பொருள்.

எது பெஸ்ட் என்பதற்கு இணையத்தில் ஒப்பீட்டு அட்டவணைகள் ஏராளம் கிடைக்கும். அவற்றை வைத்து முடிவெடுக்காதீர்கள். பெயர்பெற்ற மென்பொருள் எல்லாவற்றிலும் கூப்பன் உண்டு, விஷ்லிஸ்ட் உண்டு, மொபைலில் அழகாகத் தெரியும் தீம் உண்டு. டிக் போட்டுக்கொண்டே போனால் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். வித்தியாசம் வெளியே வருவது உங்கள் கடையின் சிக்கலான ஆர்டர்களை அதில் ஓட்டிப் பார்க்கும்போதுதான். போன வருட ஆர்டர்களைப் புரட்டி, உங்களுக்கும் பேக்கிங் செய்பவருக்கும் தலைவலி கொடுத்த நாலைந்தை எடுத்து எழுதி வையுங்கள். ஷாப்பிஃபையில் சோதனைக் கணக்கு ஒன்று திறந்துகொள்ளுங்கள். வூகாமர்ஸை ஒரு சப்டொமைனில் (உங்கள் தள முகவரியின் கிளை முகவரியில்) நிறுவிக்கொள்ளுங்கள். இரண்டிலும் இருபது பொருள்களை ஏற்றி அந்த ஆர்டர்களை ஓட்டிப் பாருங்கள். ஒரு வாரத்தில் பாதி பதில் கிடைத்துவிடும்.

அதற்கு முன், மாற்றித்தான் ஆக வேண்டுமா? பலர் "கடை ஸ்லோவாக இருக்கிறது" என்று மென்பொருளை மாற்ற நினைப்பார்கள். பார்த்தால் ஒவ்வொரு படமும் நாலு எம்பி இருக்கும், ஹோஸ்டிங் மலிவானதாக இருக்கும். அதற்கு மென்பொருளை மாற்ற வேண்டியதில்லை. உங்கள் விஷயம் வேறு. பிஎச்பி 7.4-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. உங்கள் ஓபன்கார்ட் பதிப்பு அதற்கும் முந்தைய பிஎச்பி-க்காக எழுதப்பட்டது, பிஎச்பி 8-இல் அப்படியே ஓடாது. ஹோஸ்டிங்காரர் எடுப்பது நியாயம்தான்.

"இன்னும் ஒரு வருடம் இழுத்துப் பார்ப்போம், பழைய பிஎச்பி கொடுக்கிற வேறு ஹோஸ்டிங் இருக்கிறதே" என்று யாராவது சொன்னால் மெஜென்டோ 1 என்ற இன்னொரு கடை மென்பொருளுக்கு நடந்ததைச் சொல்லுங்கள். 2020 ஜூன் 30-ஆம் தேதியோடு அதற்கான ஆதரவு முடிந்தது. அந்தத் தேதி முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தும் ஏராளமான கடைகள் மாறவில்லை. அதே செப்டம்பரில் ஒரு வார இறுதிக்குள் சுமார் 2,000 மெஜென்டோ கடைகளின் செக்அவுட் பக்கத்தில் கார்டு விவரம் திருடும் நிரல் நுழைக்கப்பட்டது. சிக்கியவை பெரும்பாலும் மெஜென்டோ 1 கடைகள். தனித்தனியாகக் குறிவைத்துத் தாக்கப்பட்டவை அல்ல. ஒரே ஓட்டை இருக்கும் கடைகளைத் தானியங்கி முறையில் தேடிப் பிடித்திருக்கிறார்கள். சின்னக் கடை, நம்மை யார் தேடி வரப்போகிறார்கள் என்ற எண்ணம் இங்கே உதவாது.

இன்னொன்று: "ஓபன்கார்ட்டையே 4-க்கு அப்கிரேட் செய்துகொள்ளலாமே" என்பார்கள். பெயர்தான் அப்கிரேட். பழைய பதிப்பின் தீமும் எக்ஸ்டென்ஷன்களும் (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் நிரல்கள்) 4-இல் வேலை செய்யாது, எல்லாவற்றையும் மறுபடி வாங்கி மறுபடி அமைக்க வேண்டும். எப்படியும் வீடு மாறும் வேலைதான் என்றால், எங்கே போவது என்பதையும் திறந்த மனதோடு யோசிக்கலாம்.

சரி, உங்கள் கடைக்கான சோதனை ஆர்டர்களுக்கு வருவோம்.

முதலாவது, விலை. உங்கள் சரக்கு மற்ற கடைகளைப் போல இல்லை. மூன்றடிக் குத்துவிளக்கு என்று ஒரே பெயரில் போட்டிருப்பீர்கள். தராசில் வைத்தால் ஒன்று 8.4 கிலோ, இன்னொன்று 8.7 கிலோ. கிலோ விலை ஏறினால் 600 பொருளின் விலையும் ஒரே நாளில் மாற வேண்டும். இதற்கு எந்த மென்பொருளிலும் மந்திரப் பொத்தான் கிடையாது. நடைமுறையில் எல்லோரும் செய்வது ஒரு எக்ஸெல் தாள்: ஒரு நெடுவரிசையில் எடை, இன்னொன்றில் அன்றைய கிலோ விலை, அடுத்து செய்கூலி, கடைசியில் விற்பனை விலை. அந்தக் கடைசி நெடுவரிசையை மட்டும் கடைக்குள் ஏற்ற முடிய வேண்டும். நீங்கள் சோதிக்க வேண்டியது இதைத்தான்.

வூகாமர்ஸில் சிஎஸ்வி இறக்குமதி, அதாவது எக்ஸெல் தாளை எளிய எழுத்துக் கோப்பாக ஏற்றும் வசதி, கூடவே வருகிறது. எஸ்கேயு (ஒவ்வொரு பொருளுக்கும் நீங்கள் தரும் தனிக் குறியீடு) பொருந்தினால் அந்தப் பொருளைப் புதுப்பிக்கும், நீங்கள் கொடுக்காத நெடுவரிசைகளைத் தொடாது. ஷாப்பிஃபையில் பொருளின் பக்க முகவரியில் வரும் பெயரை வைத்து அடையாளம் காணும். அங்கே ஒரு எச்சரிக்கை: தாளில் ஒரு நெடுவரிசையை வைத்துவிட்டு அதைக் காலியாக விட்டால், பழைய விவரமும் காலியாகிவிடும். ஓபன்கார்ட்டில் இந்த வசதி அடிப்படை மென்பொருளிலேயே இல்லை, எக்ஸ்டென்ஷன் வாங்கித்தான் செய்திருப்பீர்கள்.

இங்கே உங்கள் பழைய கடையில் ஒரு வேலை காத்திருக்கிறது. ஓபன்கார்ட்டில் 'மாடல்' என்ற கட்டத்தை நிரப்பாமல் பொருளைச் சேமிக்க முடியாது, எஸ்கேயு கட்டத்தை அப்படியே விட்டுவிடலாம். அதனால் பெரும்பாலான ஓபன்கார்ட் கடைகளில் எஸ்கேயு காலி, மாடல் கட்டத்தில் எதையாவது போட்டிருப்பார்கள். சில சமயம் ஒரே மாடல் எண் பத்துப் பொருளுக்கு இருக்கும். எந்த மென்பொருளுக்குப் போனாலும் சரி, முதலில் 600 பொருளுக்கும் ஒன்றோடொன்று மோதாத எஸ்கேயு கொடுத்துவிடுங்கள். பழைய கடை ஓடும்போதே செய்யலாம், இன்றைக்கே ஆரம்பிக்கலாம்.

விலையில் இன்னொரு பொறியும் உண்டு, தானாக மாற்றித்தரும் கருவிகள் இதில்தான் தடுமாறும். ஓபன்கார்ட்டில் அளவுகளை 'ஆப்ஷன்' ஆகப் போடுவோம். இரண்டடி விளக்கு 6,000 ரூபாய், மூன்றடி என்றால் "கூட்டு 5,500". எடையும் அப்படியே கூட்டல் கழித்தலாக இருக்கும். வூகாமர்ஸிலும் ஷாப்பிஃபையிலும் ஒவ்வொரு அளவுக்கும் முழு விலையே எழுதப்படும். கூட்டலைச் செய்யாமல் எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு போனால் மூன்றடி விளக்கு 5,500-க்கு விற்பனைக்கு வந்துவிடும், இரண்டடியைவிட மலிவாக. யாராவது வாங்கிய பிறகுதான் தெரியும். ஆகவே ஆப்ஷன் வைத்திருக்கிற பொருள்களை மட்டும் தனியாகப் பட்டியல் எடுத்து, மாற்றிய பிறகு ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். 600-இல் அவை நூறு இருக்குமா? ஒரு மதிய வேலை.

அடுத்து வரி. 2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியபோது 12 சதவீதத்தில் இருந்த பல பொருள்கள் 5-க்கு வந்தன. அன்றைக்கு யார் நிம்மதியாக இருந்தார்கள் என்றால், வரியை 'வரி வகுப்பு' என்று தனியே வைத்து, பொருள்களை அந்த வகுப்போடு இணைத்திருந்தவர்கள். ஒரு இடத்தில் மாற்றினால் வேலை முடிந்தது. ஒவ்வொரு பொருளிலும் வரியைத் தனித்தனியாகத் திணித்திருந்தவர்கள் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். பாத்திரம், சாமி சிலை, விளக்கு மூன்றுக்கும் எச்எஸ்என் (வரிக்காகப் பொருள்களை வகைப்படுத்தும் எண்) குறியீடு வேறு வேறு என்பதால் உங்களுக்கு வகுப்புகளும் அதற்கேற்ப வேண்டும்.

அதோடு, விலையை வரி சேர்த்து எழுதுகிறீர்களா, சேர்க்காமலா? வரி சேர்த்து 112 ரூபாய் என்று எழுதியிருந்தால், 12 சதவீதத்தில் உங்கள் பங்கு 100. விகிதம் 5 ஆனதும் மென்பொருள் 112-ஐ அப்படியே வைத்துக்கொண்டு உங்கள் பங்கை 106.67 ஆக்கிவிடும். வாடிக்கையாளருக்கு ஒரு பைசா குறையாது. வரி சேர்க்காமல் 100 என்று எழுதியிருந்தால் அவருக்கு 105 என்று தானாகக் குறையும். புது மென்பொருளில் விலைகளை ஏற்றும் முன்பே ஆடிட்டரோடு உட்கார்ந்து இதை முடிவு செய்துவிடுங்கள், பிறகு மாற்றுவது பெரும்பாடு.

மாநிலப் பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள். தமிழ்நாட்டுக்குள் விற்றால் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி; புதுச்சேரிக்கோ பெங்களூருக்கோ போனால் ஐஜிஎஸ்டி. மென்பொருள் இதை வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்கும் மாநிலத்தை வைத்துத்தான் கணக்கிடும். 2014-இல் வந்த தெலங்கானாவும் 2019-இல் வந்த லடாக்கும் இல்லாத பட்டியல்கள் பழைய கடைகளில் இன்னும் இருக்கின்றன.

இப்போது எனக்கு மிக முக்கியமாகத் தோன்றும் சோதனை: யுபிஐ-யில் பணம் கட்டிவிட்டு உங்கள் தளத்துக்குத் திரும்பி வராத வாடிக்கையாளர். மொபைலில் வாங்குகிறவர் செக்அவுட்டில் யுபிஐ என்று தொடுகிறார், பணம் கட்டும் ஆப் திறக்கிறது, பின் நம்பர் போடுகிறார், பச்சை டிக் வருகிறது. அவ்வளவுதான், அவரைப் பொறுத்தவரை வாங்கி முடித்துவிட்டார். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விடுவார். பிரவுசருக்குத் திரும்பி "ஆர்டர் உறுதியானது" பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. பல பழைய பேமெண்ட் கேட்வே (ஆன்லைனில் பணம் வாங்கித்தரும் சேவை) எக்ஸ்டென்ஷன்கள் அந்தப் பக்கம் திறந்தால்தான் ஆர்டரைப் பதிவு செய்யும். பணம் வந்திருக்கும், ஆர்டர் இருக்காது. மூன்று நாள் கழித்து அவர் போன் செய்து திட்டும்போது கேட்வே கணக்கைத் திறந்து தேட வேண்டியிருக்கும்.

இதற்குத் தீர்வு வெப்ஹுக். பணம் வந்ததும் கேட்வே தானாகவே உங்கள் கடையின் சர்வருக்குத் தகவல் அனுப்பும், வாடிக்கையாளர் திரும்பி வந்தாரா இல்லையா என்பது பொருட்டே இல்லை. ரேஸர்பே, கேஷ்ஃப்ரீ, பேயு எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு. ஆனால் வசதி இருப்பது வேறு, உங்கள் கடையில் அது இயக்கப்பட்டிருப்பது வேறு. ஆகவே சோதனைக் கடையில் நீங்களே ஒரு ரூபாய்க்கு ஒரு பொருளைப் போட்டு, மொபைலில் வாங்கி, யுபிஐ ஆப்பில் பணம் கட்டியதும் பிரவுசரை மூடிவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து அட்மின் பக்கத்தில் ஆர்டர் 'பணம் வந்தது' என்ற நிலையில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்த இணைப்பைச் சரிசெய்யாமல் கடையைத் திறக்கக் கூடாது.

வூகாமர்ஸில் இதோடு சேர்த்துக் கவனிக்க இன்னொன்று இருக்கிறது. பணம் கட்டாத ஆர்டருக்காக ஸ்டாக்கை எவ்வளவு நேரம் பிடித்து வைப்பது என்று ஒரு அமைப்பு உண்டு, வழக்கமாக 60 நிமிடம். அதற்குள் பணம் வந்த தகவல் வராவிட்டால் ஆர்டரை ரத்து செய்து ஸ்டாக்கைத் திரும்ப விட்டுவிடும். உங்களிடம் ஒரே ஒரு உருப்படி மட்டும் இருக்கும் பழைய நடராஜர் சிலையை வேறொருவர் வாங்கிவிட்டால், முதலாமவருக்கு என்ன பதில் சொல்வது? ஒற்றை உருப்படி விற்கிற கடைகள் இந்த நேரத்தையும் வெப்ஹுக்கையும் சேர்த்துத்தான் சோதிக்க வேண்டும்.

அடுத்த சோதனை, கூரியர் செலவு. பித்தளை கனமானது என்பதால் எடையை மட்டும் கணக்கில் எடுப்போம். ஆனால் காலிக் குடமும் அண்டாவும் எடையைவிட இடத்தைத்தான் அதிகம் அடைக்கும். பெரும்பாலான கூரியர்கள் பெட்டியின் நீள அகல உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து ஒரு எடை கணக்கிடுவார்கள், உண்மையான எடையோடு ஒப்பிட்டு எது அதிகமோ அதற்குக் காசு வாங்குவார்கள். 40 செ.மீ. கனசதுரப் பெட்டி என்றால் 64,000-ஐ 5,000-ஆல் வகுக்க 12.8 கிலோ. உள்ளே இருக்கும் குடம் ஆறு கிலோதான். செக்அவுட்டில் ஆறு கிலோவுக்குக் கூரியர் காசு வாங்கிக்கொண்டு, நீங்கள் 13 கிலோவுக்குக் கொடுப்பீர்கள். இந்த நஷ்டம் மாதாமாதம் கூரியர் பில்லில் ஒளிந்திருக்கும். ஓபன்கார்ட்டிலும் வூகாமர்ஸிலும் ஒவ்வொரு பொருளுக்கும் அளவு எழுத இடம் இருக்கிறது. புது மென்பொருளில் அந்த அளவு உண்மையில் ஷிப்பிங் கணக்குக்குள் போகிறதா, அல்லது பக்கத்தில் காட்டுவதற்கு மட்டும்தானா என்று குடத்தை வைத்துச் சோதியுங்கள்.

கேஷ் ஆன் டெலிவரியும் இதோடு சேர்ந்ததுதான். 13 கிலோ பெட்டி கௌஹாத்தி வரை போய் வாங்காமல் திரும்பி வந்தால் போக வரச் செலவு உங்கள் தலையில். எனவே இவ்வளவு எடைக்கு மேல், இவ்வளவு தொகைக்கு மேல், இந்தப் பின்கோடுகளுக்கு கேஷ் ஆன் டெலிவரி கிடையாது என்று விதி போட முடிய வேண்டும். ஷாப்பிஃபையில் இதற்குப் பெரும்பாலும் தனி ஆப் தேவைப்படும், வூகாமர்ஸில் ப்ளக்இன் (எக்ஸ்டென்ஷன் போன்ற கூடுதல் நிரல்) போட வேண்டும் அல்லது டெவலப்பர் கொஞ்சம் நிரல் எழுத வேண்டும். இரண்டுக்கும் செலவு உண்டு, கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செலவு என்றதும், பலர் தவறவிடும் கணக்கு ஒன்று. ஷாப்பிஃபையின் சொந்தப் பணப்பரிமாற்றச் சேவை இந்தியாவில் இல்லை. ஆகவே வேறு கேட்வே வைத்தே ஆக வேண்டும், அப்படி வைத்தால் பேசிக் திட்டத்தில் ஒவ்வொரு ஆன்லைன் விற்பனைக்கும் ஷாப்பிஃபை தனியாக 2 சதவீதம் எடுத்துக்கொள்ளும். கேஷ் ஆன் டெலிவரிக்கு அது கிடையாது. உங்கள் ஆறு லட்சத்தில் ஆன்லைன் பணம் நாலு லட்சம் என்று வைத்தால் மாதம் 8,000 ரூபாய். மாதச் சந்தாவும் ஆப்களின் வாடகையும் இதற்கு மேல். கேட்வேயின் கட்டணமும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் எந்த மென்பொருளுக்குப் போனாலும் உண்டு, அதை இரண்டு பக்கமும் விட்டுவிடலாம்.

உடனே "அப்படியானால் வூகாமர்ஸ்தான், அது இலவசமாச்சே" என்று முடிவு கட்டாதீர்கள். நல்ல ஹோஸ்டிங், வருடாவருடம் டாலரில் புதுப்பிக்க வேண்டிய ப்ளக்இன்கள், மாதாமாதம் அப்டேட் போட்டு பேக்கப் எடுத்து ஏதாவது உடைந்தால் வந்து பார்க்கிற ஆள், எல்லாம் சேர்த்தால் அதுவும் அதே அளவுக்கு வந்து நிற்கலாம். வித்தியாசம் எங்கே என்றால், ஷாப்பிஃபையில் விற்பனை கூடக்கூடக் கட்டணமும் கூடும். வூகாமர்ஸில் விற்பனை இரண்டு மடங்கானாலும் செலவு பெரிதாக ஏறாது. ஆனால் ஷாப்பிஃபையில் ராத்திரி பதினொரு மணிக்குக் கடை படுத்தால் எழுப்புவது அவர்கள் பொறுப்பு. வூகாமர்ஸில் அது உங்கள் பொறுப்பு.

ஆள் இல்லாமல் வூகாமர்ஸ் வைத்திருப்பதைப் போல ஆபத்து வேறு இல்லை. இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் இன்றைக்கு ஓபன்கார்ட்டில் இருக்கும் அதே நிலைமைக்குத்தான் வருவீர்கள். ஓர் உதாரணம்: ஆர்டர்களைச் சேமிக்கும் முறையையே வூகாமர்ஸ் 2023 அக்டோபரில் வந்த 8.2 பதிப்பிலிருந்து புதுக் கடைகளுக்கு மாற்றிவிட்டது. அதற்கு ஏற்ப எழுதப்படாத பழைய ப்ளக்இன்கள் தடுமாறின. இம்மாதிரி மாற்றங்களைக் கவனித்துக்கொண்டே இருக்க ஒருவர் வேண்டும். அப்புறம், வேகத்துக்காகப் பக்கங்களின் பிரதியைச் சேமித்துக் காட்டும் கேச் (cache) ப்ளக்இன் போடும்போது கார்ட், செக்அவுட், கணக்குப் பக்கங்களை அதிலிருந்து விலக்க வேண்டும். விலக்காவிட்டால் ஒருவரின் பக்கம் இன்னொருவருக்குத் தெரிய வாய்ப்புண்டு. டெவலப்பரைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள், அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதிலேயே அனுபவம் தெரிந்துவிடும்.

மற்றவற்றைப் பற்றிச் சுருக்கமாக. மெஜென்டோ இப்போது அடோபியிடம் இருக்கிறது. 600 பொருளுக்கு அது தேவையில்லை. 2.4 பதிப்பிலிருந்து தேடலுக்கென்றே தனி மென்பொருள் ஓடினால்தான் அது ஓடும், அந்தச் சர்வர் செலவு உங்களுக்கு வீண். உங்கள் கணக்குவழக்கு ஏற்கெனவே ஜோஹோ புக்ஸ் மென்பொருளில் இருந்தால் அதே நிறுவனத்தின் கடை மென்பொருளான ஜோஹோ காமர்ஸையும் சோதனைப் பட்டியலில் சேருங்கள். ஸ்டாக்கும் பில்லும் ஒரே இடத்தில் சேர்வது பெரிய நிம்மதி.

இனி, மாறும் வேலை. மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே இதையும் சேர்த்து யோசிக்க வேண்டும், ஏனென்றால் எதைக் கொண்டுபோக முடியும் என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும்.

கூகிளிலிருந்து ஆட்கள் வருவது உங்கள் பழைய பக்க முகவரிகளுக்கு. அவற்றைப் புது முகவரிக்கு 301 திருப்பலாக (நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்ற குறிப்போடு) காட்டாவிட்டால் பல வருடம் சேர்த்த தேடல் இடம் கரைந்துவிடும். ஷாப்பிஃபையில் பொருள் பக்க முகவரியின் அமைப்பு அவர்கள் வைத்ததுதான், மாற்ற முடியாது. வூகாமர்ஸில் ஓரளவு பழையபடியே வைத்துக்கொள்ளலாம். ஓபன்கார்ட்டில் நட்பான (பொருளின் பெயர் தெரியும்) முகவரிகளை இயக்காமல் விட்டிருந்தால், பொருள் எண் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும். அப்பாச்சி சர்வரின் சாதாரணத் திருப்பல் விதி கேள்விக்குறிக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்கவே பார்க்காது, அதற்கு வேறு வகை விதி எழுத வேண்டும். இது தெரியாமல் எல்லாப் பொருளையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறவர்கள் உண்டு. டெவலப்பரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். திருப்பல்களைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது கூகிள், நான் எடுக்கவே எடுக்காதீர்கள் என்பேன்.

வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, போன் போகும். கடவுச்சொல் போகாது, அது குழப்பி வைக்கப்பட்ட வடிவில் இருக்கிறது, அந்த முறை மென்பொருளுக்கு மென்பொருள் வேறு. இதற்காகக் கவலைப்பட வேண்டாம், மொபைல் ஓடிபி-யில் நுழையும் வசதி வைத்துவிட்டால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள்.

ஆனால் ஓடிபி-க்கும் ஆர்டர் எஸ்எம்எஸ்-க்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, வாசகத்தை முன்பே டிஎல்டி என்ற எஸ்எம்எஸ் பதிவுத் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். புது மென்பொருள் அனுப்பும் வாசகம் பதிவு செய்ததோடு பொருந்தாவிட்டால் எஸ்எம்எஸ் போகவே போகாது, எந்தப் பிழைச் செய்தியும் உங்கள் கண்ணுக்குப் படாது. திறப்பதற்கு இரண்டு வாரம் முன்பே புது வாசகங்களுக்கு ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

தமிழில் பொருள் விவரம் எழுதியிருந்தால் ஒரு கவனம். ஏற்றுமதி செய்த சிஎஸ்வி கோப்பை எக்ஸெலில் இரட்டைக் கிளிக் செய்து திறந்தால் தமிழ் எழுத்துகள் பல சமயம் குப்பையாகத் தெரியும். அந்த நிலையில் சேமித்துவிட்டால் மூலமும் போய்விடும். போன் எண்களும் முன்னால் சுழியம் வரும் எஸ்கேயுகளும் இதே வழியில்தான் சிதைகின்றன. கூகிள் ஷீட்ஸில் திறந்து வேலை செய்யுங்கள், இறக்குமதி செய்யும்போது எண்களைத் தானாக மாற்றும் தேர்வை எடுத்துவிடுங்கள். அசல் கோப்பைத் தொடாமல் தனியே வையுங்கள்.

பழைய ஆர்டர்களைப் புதுக் கடைக்குள் கொண்டுவர வேண்டுமா என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: ஒரு வருட ஆர்டர் போதும், அதுவும் வாடிக்கையாளர் மறுபடி வாங்க வசதியாக. மீதியைக் கொண்டுவர ஆகும் செலவுக்குப் பலன் இல்லை. ஆனால் அழித்துவிடக் கூடாது. ஜிஎஸ்டி சட்டப்படி ஆண்டுக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் பதிவேடுகளை வைத்திருக்க வேண்டும். பழைய தரவுத்தளத்தின் முழுப் பிரதியும், பில்களின் பிடிஎஃப்-களும் இரண்டு இடத்தில் இருக்கட்டும்.

பில் எண் வரிசையையும் யோசியுங்கள். ஒரு நிதியாண்டுக்குள் எண்கள் தொடர்ச்சியாக, ஒன்றுபோல் இன்னொன்று இல்லாமல், 16 எழுத்துக்கு மிகாமல் இருக்க வேண்டும். புது மென்பொருள் தன்பாட்டுக்கு 1-இலிருந்து ஆரம்பித்தால் பழைய எண்களோடு மோதும். முன்னொட்டு ஒன்றை வைத்துப் பிரிக்கலாம், அல்லது ஏப்ரல் 1 அன்று மாறலாம்.

உங்கள் தொழிலுக்கு ஏப்ரல் தொடக்கம் வேறு வகையிலும் பொருந்துகிறது. ஆடி, ஆவணியில் வரலட்சுமி நோன்பு, அப்புறம் தீபாவளி, கார்த்திகை விளக்கு, அதன் பின்னாலேயே பொங்கலுக்கு வெண்கலப் பானை என்று ஜனவரி நடுவரை ஓய்வே இருக்காது. இந்தக் காலத்தில் மென்பொருள் மாற்றக் கூடாது. பொங்கல் முடிந்ததும் சோதனைக் கடை, பிப்ரவரி மார்ச்சில் பொருள்களை ஏற்றிச் சரிபார்ப்பது, ஏப்ரல் முதல் வாரத்தில் ஆர்டர் குறைவாக வரும் ஒரு நாள் இரவில் மாற்றம். அதுவரை பழைய பிஎச்பி-யை வைத்திருக்கும்படி ஹோஸ்டிங்காரரிடம் பேசிப் பாருங்கள், காசு வாங்கிக்கொண்டு நீட்டித்துத் தருகிறவர்கள் உண்டு. இழுப்பதற்காகக் கேட்கிற நீட்டிப்பு இல்லை இது, தேதி குறித்துவிட்டுக் கேட்பது.

இறுதி முடிவுக்கு முன் ஒரு நாள் முழுக்க ஆர்டர் எடுத்து பேக்கிங் செய்கிற உங்கள் ஊழியரை இரண்டு சோதனைக் கடையிலும் உட்கார வையுங்கள். அந்த அம்மா மொபைலிலேயே ஆர்டரைத் திறந்து, லேபிள் அச்சிட்டு, ஒரு விளக்கு திரும்பி வந்தால் அதற்கு மட்டும் பணம் திருப்பி, கிரெடிட் நோட் போட முடிகிறதா? யாரையும் கூப்பிடாமல் எதில் முடிகிறதோ அதற்குக் கூடுதல் மதிப்பெண் கொடுங்கள். தினமும் அந்தத் திரையைப் பார்க்கப்போவது அவர்தான், தீம் அழகைப் பார்க்கப்போவது நாம்.

உங்கள் விவரத்தை மட்டும் வைத்து என்னைச் சொல்லச் சொன்னால்: மாதச் சம்பளத்திலோ ஒப்பந்தத்திலோ பராமரிக்க நம்பகமான டெவலப்பர் இருந்தால் வூகாமர்ஸ். எடை, அளவு, கிலோ விலைப் புதுப்பிப்பு, வரி வகுப்பு நான்கும் உங்கள் சரக்குக்கு அதில் நன்றாகப் பொருந்துகின்றன, தரவும் உங்கள் கையில் இருக்கும். அப்படி யாரும் இல்லை, இனியும் தேடப்போவதில்லை என்றால் யோசிக்காமல் ஷாப்பிஃபை போங்கள், அந்த 8,000 ரூபாயைக் காவலாளி சம்பளமாக நினைத்துக்கொள்ளுங்கள். எதில் சேர்ந்தாலும், சேரும் முன்பே பொருள், வாடிக்கையாளர், ஆர்டர் மூன்றையும் முழுதாக ஏற்றுமதி செய்து, கோப்பைத் திறந்து, ஆப்ஷன்களும் எடையும் எச்எஸ்என்-உம் அதில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். மறுபடி ஒரு நாள் மாற வேண்டி வரும்போது கையில் இருக்கப்போவது அந்தக் கோப்புதான்.

மாறிய பிறகு முதல் மாதம் கூகிளின் சர்ச் கன்சோல் கருவியில் 404 (பக்கம் இல்லை) பட்டியலைத் தினமும் பார்த்து விடுபட்ட திருப்பல்களைச் சேருங்கள். கேட்வே கணக்கில் வந்த தொகையையும் கடையில் பதிவான ஆர்டர் தொகையையும் ஒவ்வொரு நாள் மாலையும் ஒப்பிடுங்கள். இரண்டும் தொடர்ந்து இரண்டு வாரம் ஒத்துப்போனால் பழைய சர்வரை நிறுத்திவிடலாம்.